ஃபெயில் ஆக முடியாத பெல்ட்

கராத்தே போட்டி நடத்துகிறவர்களுக்கு மேட் வாடகையைவிடப் பெரிய தலைவலி சிறப்பு விருந்தினர். மேட், கோப்பை, மதியச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் பாதிப் பணம் அவர் தருவதுதான். சால்வை போட்டாகிவிட்டது, நினைவுப் பரிசும் கொடுத்தாகிவிட்டது, ஃபிளெக்ஸில் விளையாடும் பிள்ளைகளைவிட அவர் படத்தைப் பெரிதாகப் போட்டாகிவிட்டது. இன்னும் என்ன செய்யலாம் என்று கமிட்டி உட்கார்ந்து யோசிக்கும்போது யாராவது ஒருவர் சொல்வார்: “ஒரு பிளாக் பெல்ட் கட்டிவிடலாமே!”

கோவில்பட்டிப் பக்கம் பல வருடங்களாக ஷோட்டோகான் கராத்தே சொல்லிக்கொடுத்து வருகிறேன். மாலையில் என் சொந்த கிளாஸ். அரசுப் பள்ளி மாணவிகளுக்கான தற்காப்புப் பயிற்சி நடக்கும் மாதங்களில் அதுவும் சேர்ந்துகொள்ளும். மேற்படி யோசனை என் காதுக்கு வந்தது ஒருமுறை அல்ல. அதில் மறக்க முடியாதது ஒரு தீப்பெட்டி ஆலை அதிபர் விஷயம். நல்ல மனிதர், கேட்காமலேயே கொடுப்பவர். அவருக்குக் ‘கௌரவ 5ஆம் டான்’ என்று சான்றிதழ் அடித்து, மேடையில் நான் பெல்ட் கட்டிவிட வேண்டும் என்று அமைப்பாளர் போன் செய்தார். டான் என்பது பிளாக் பெல்ட்டுக்குள் இருக்கும் படிநிலை, முதல் டானில் தொடங்கி எண் கூடக்கூட உயரும். அப்போது நான் 3ஆம் டான்.

“எனக்கே மூன்றுதானே சார், அவருக்கு எப்படி ஐந்து?”

“மூன்று என்று போட்டால் மரியாதையாக இருக்காது மேடம்.”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஊர் ஹாக்கிக்குப் பேர்போனது. இறுதிப் போட்டிக்கு வருகிற பெரிய மனிதருக்கு யாரும் ‘கௌரவ சென்டர் ஃபார்வர்ட்’ என்று பட்டம் கொடுப்பதில்லை. கைகுலுக்கி, அணிகளோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு அவர் போய்விடுகிறார். கராத்தேயில் மட்டும் இந்த ஆசை வருவதற்குக் காரணம் அந்த பெல்ட்டேதான். கடையில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை, இடுப்பில் கட்டினால் போட்டோவில் நன்றாக விழுகிறது.

அமைப்பாளரோடு வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததால் நேராக ஆலை அதிபரிடமே பேசினேன். அன்று காலை பிளாக் பெல்ட் தேர்வில் தேறியிருந்த பிள்ளைகளின் பெல்ட்டுகளை அவர் தட்டில் வைத்து ஒவ்வொருவராக எடுத்துக் கொடுக்க வேண்டும், அந்தப் பிள்ளைகளின் மாஸ்டர்கள் கட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். அமைப்புக்குப் புரவலர் என்று ஒரு சான்றிதழும் கொடுத்தோம். அவருக்கு முழுத் திருப்தி. சொல்லப்போனால், “ஐந்தாம் டான் என்றால் யாராவது என்னை அடிக்க வந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன் அம்மா” என்று நிம்மதியாகச் சிரித்தார். விருந்தினரை மேடையில் கௌரவிக்க வழி தெரியாமல் தவிக்கும் அமைப்பாளர்களுக்கு இந்த ஏற்பாட்டைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். படத்துக்குப் படமும் கிடைக்கும்.

இது நம் ஊர்ச் சின்னத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய இடங்களில் பெரிய அளவில் நடப்பதுதான். 2009இல் தென்கொரியா சென்ற ஒபாமாவுக்கு அந்நாட்டு அதிபர், டேக்வாண்டோ என்னும் கொரியத் தற்காப்புக் கலையின் சீருடையும் பிளாக் பெல்ட்டும் பரிசளித்தார். அவராவது முன்பு கொஞ்சம் பழகியிருந்தவர். 2013இல் உலக டேக்வாண்டோ சம்மேளனம் ரஷ்ய அதிபர் புடினுக்குக் கௌரவ 9ஆம் டான் கொடுத்தது. 2021 நவம்பரில், டான் சான்றிதழ் வழங்கும் குக்கிவோன் அமைப்பின் தலைவர் ஃபுளோரிடாவுக்கே போய் டிரம்பிடம் இன்னொரு கௌரவ 9ஆம் டானை ஒப்படைத்தார். 9ஆம் டான் என்பது டேக்வாண்டோவிலேயே வாழ்ந்து தலை நரைத்தவர்கள் எட்டும் இடம்.

புடினுக்குக் கொடுத்த பட்டத்தை 2022 பிப்ரவரி 28 அன்று, உக்ரைன் மீது படையெடுத்த சில நாட்களில், சம்மேளனம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தச் செய்தி வந்த வாரம் என் கிளாஸில் ஒரு பையன் கேட்டான்: “மாஸ்டர், அவர் மறுபடியும் வெள்ளை பெல்ட்டா?” கேள்வி குறும்பாக இருந்தாலும் நியாயமானது. டேக்வாண்டோவில் அவர் எதையும் கற்றிருக்கவில்லை. அதனால் பிடுங்கியதும் எதுவும் குறையவில்லை. கொடுத்தது அரசியலுக்காக, எடுத்ததும் அரசியலுக்காக. நடுவில் ஒரு கிக் கூட இல்லை.

ஜூடோ விஷயம் வேறு. அதைப் புடின் சிறுவயதிலிருந்தே முறையாகப் பழகியவர். 2000இல் தோக்கியோவில் ஜூடோவின் தலைமையகமான கோடோகனுக்குப் போனபோது பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தம்மைத் தூக்கிப் போட அனுமதித்து, மேட்டில் விழுந்து எழுந்தார். அவருடைய அரசியலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த விழுதலைப் பார்த்தால் விழத் தெரிந்தவர் என்பது தெரியும். உலக ஜூடோ சம்மேளனமும் 2022இல் அவருடைய கௌரவத் தலைவர் பொறுப்பை நிறுத்திவைத்தது. பொறுப்பைப் பறிக்கலாம். விழத் தெரிந்ததை யாரால் பறிக்க முடியும்?

இப்படிப்பட்ட கதைகளை வருடக்கணக்கில் பார்த்து, நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த பெல்ட்டை இவருக்குக் கொடுக்க முடியாது என்று யாராவது சொல்லியிருக்க முடியுமா? முடியும் என்றால் அது தரம். முடியாது என்றால் அது பரிசு. பரிசு கொடுப்பதில் தவறேயில்லை, பரிசு என்று தெரிகிற மாதிரி கொடுத்தால்.

காலக்கணக்கை அளவுகோலாக வைப்பவர்களும் உண்டு. எட்டு வருடம் பழகினால்தான் உண்மையான பிளாக் பெல்ட் என்பார்கள். வெள்ளை பெல்ட் துவைக்காமலே வியர்வையும் அழுக்கும் ஏறிக் கருப்பானது என்ற கதையையும் கூடவே சொல்வார்கள். எல்லா கிளாஸிலும் சொல்லப்படும் கதை இது. எனக்கும் என் மாஸ்டர் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். கானோ ஜிகோரோ 1882இல் ஜூடோவுக்காகக் கோடோகனைத் தொடங்கி, அடுத்த வருடமே இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்துவிட்டார். டான் முறையை அவர் எடுத்தது ‘கோ’ என்னும் பலகை ஆட்டத்திலிருந்து. கருப்பு பெல்ட்டும் அந்த 1880களிலேயே வந்துவிட்டது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று வரிசை கட்டி நிற்கும் வண்ணங்கள் பரவியது 1930களில், பாரிஸில் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாய்ஷி மிகினோசுகேயின் காலத்தில்.

கராத்தேயில் இன்னும் சுவாரசியம். ஓக்கினாவாவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃபுனாகோஷி கிச்சின், 1922இல்தான் தோக்கியோவுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1924 ஏப்ரலில் ஏழு பேருக்கு முதல் டான் கொடுத்தார். அவர்களில் ஒருவர், பின்னாளில் வாடோ-ரியூ என்ற கராத்தே பிரிவை நிறுவிய ஓட்சுகா ஹிரோனோரி. கணக்குப் போட்டுப் பாருங்கள், கராத்தே பழக ஆரம்பித்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது! இன்று என் கிளாஸில் இரண்டு வருடத்தில் பிளாக் பெல்ட் கொடுத்தால் ‘பெல்ட் வியாபாரி’ என்பார்கள். ஆனால் ஓட்சுகா வெறுங்கையோடு வந்தவர் இல்லை. சிறுவயதிலிருந்து ஜுஜுத்சு என்னும் பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பழகித் தேர்ந்தவர். அவர் உடம்பில் என்ன இருந்தது என்பதை ஃபுனாகோஷி கண்ணால் பார்த்தார், கொடுத்தார். எதிர்முனையில், கோஜூ-ரியூ என்ற இன்னொரு பிரிவை உருவாக்கிய மியாகி சோஜுன் வாழ்நாள் முழுவதும் யாருக்குமே டான் கொடுக்கவில்லை. இருவரையும் யாரும் வியாபாரி என்று சொன்னதில்லை. கொடுப்பவர் பார்க்கத் தெரிந்தவர், மறுக்கவும் கூடியவர் என்ற நம்பிக்கை இருந்தது.

நம் சிலம்ப ஆசான்களிடமும் பழைய வழக்கத்தில் பெல்ட் கிடையாது. இன்று சங்கங்கள் பெல்ட் கொண்டுவந்திருக்கின்றன, அது வேறு கதை. யார் எதுவரை கற்றிருக்கிறார்கள் என்பது, கம்பை எடுத்துச் சலாம் வரிசை போட ஆரம்பித்ததுமே நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மறுக்கும் உரிமை தவறாகவும் பயன்படும். அதற்கு ஃபுகுடா கெய்கோவைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 1913இல் பிறந்தவர், கானோவுக்கு ஜுஜுத்சு சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பேத்தி, கானோவிடமே நேரடியாகக் கற்றவர். ஐந்தடிக்குக் குறைவான உயரம். 1953இல் 5ஆம் டான் வாங்கினார். அதற்கு மேல் பெண்களுக்குக் கிடையாது என்று கோடோகன் கதவைச் சாத்தியது. 1972இல்தான் 6ஆம் டான். தம்மிடம் படித்தவர்களின் மாணவர்கள்கூட மேலே ஏறிப் போவதை அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். 2006இல் கோடோகன் 9ஆம் டான் கொடுத்தது. 2011இல் அமெரிக்க ஜூடோ அமைப்பு 10ஆம் டான் கொடுத்தபோது அவருக்கு 98 வயது. 2013இல், 99ஆவது வயதில் காலமானார். அதே 2013இல்தான் டேக்வாண்டோவே தெரியாத ஒருவருக்கு 9ஆம் டான் சியோலில் கைமாறியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஏனென்றால் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, கொடுக்க மறுப்பதும் தெரியும், சும்மா தூக்கிக் கொடுப்பதும் தெரியும்.

இரண்டாவதற்கு ஒரு உதாரணம் என் கிளாஸிலேயே உண்டு. ஒரு பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் இருசக்கர வாகன விபத்து. இடது தொடையில் கம்பி வைத்திருக்கிறது, முழங்கால் முழுதாக மடங்காது. அப்போது அவள் பிரவுன் பெல்ட். நடக்கத் தொடங்கியதுமே கிளாஸுக்கு வந்துவிட்டாள். பிளாக் பெல்ட் தேர்வு வந்தபோது, மாவட்ட அளவில் பொறுப்பில் இருந்த ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, “பாவம், அந்தப் பிள்ளைக்குக் கௌரவமாக ஒன்று கொடுத்துவிடுங்கள். எல்லோர் முன்னாலும் கஷ்டப்படுத்த வேண்டாம்” என்றார். மனதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல் சொன்னதுதான். அவளிடம் சொன்னேன். கட்டியிருந்த பிரவுன் பெல்ட்டின் நுனியை இழுத்து இறுக்கிக்கொண்டே, “டெஸ்ட் வைத்துக் கொடுங்கள் மாஸ்டர். இல்லாவிட்டால் இதுவே இருக்கட்டும்” என்றாள்.

கட்டா என்பது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்து காட்டும் அசைவுத் தொகுப்பு. தேர்வுக்கான கட்டா பஸ்ஸாய் டாய். ஷோட்டோகான் பழகியவர்களுக்குத் தெரியும், அதில் பாதிக்கு மேல் போன பிறகு ஒரு இடம் வரும். இடது உள்ளங்கையை நீட்டி வைத்து, வலது காலைச் சுழற்றி அந்தக் கையில் அறைய வேண்டும். உதைப்பது வலது கால்தான், ஆனால் உடம்பு முழுவதும் நிற்பது இடது காலில். அவளுக்கு எமன் அந்த இடம்தான். மாதக்கணக்கில் ஒரு வழி தேடினோம். உயரத்தைக் குறைத்து, உள்ளங்கையை இடுப்பு மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். உதைக்கு முன் ஊன்றிய பாதத்தின் விரல்கள் தரையைப் பற்றுகிற அந்தக் கணத்தை மட்டும் தனியாகப் பிரித்து, சுவரைத் தொட்டுக்கொண்டும் தொடாமலும் செய்து பார்த்தாள். தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த மூத்த மாஸ்டர் கட்டா முழுவதையும் பார்த்துவிட்டு, அந்த உதையை மட்டும் மறுபடியும் செய்யச் சொன்னார். செய்தாள். பிறகு எல்லோருக்கும் போல அவளுக்கும் குமித்தே, அதாவது எதிராளியோடு நேருக்கு நேர் மோதும் சுற்று.

ஃபெயில் ஆக்கிவிட்டார்.

காலுக்காக அல்ல. “கால் ஆடவில்லை, கட்டா போதும். குமித்தேயில் அடி வரும்போது கண்ணை மூடுகிறது இந்தப் பெண். ஆறு மாதம் கழித்து வரட்டும்.” அவளுடைய அம்மாவுக்குத் தாங்கவில்லை. “கால் இப்படி இருக்கிற பிள்ளையை ஃபெயில் ஆக்கலாமா டீச்சர்?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். மகளுக்கோ அழுகை இல்லை, எரிச்சல்தான். கண்ணை மூடுவது மற்றவர்களுக்கும் உள்ள குறைதான். அதற்காகப் பல பேர் ஃபெயில் ஆகியிருக்கிறார்கள். ஆறு மாதம் முகத்துக்கு நேராக மெதுவாக வரும் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கும் பயிற்சி. அடுத்த தேர்வில் தேறினாள். இன்று சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் கிளாஸ் எடுக்கிறாள். கண்ணை மூடுகிறவர்களை என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுகிறாள்.

உடல் குறைபாடு உள்ளவர்களுக்குத் தரத்தை மாற்றியமைப்பது வேறு, தேர்வையே எடுத்துவிடுவது வேறு. உலக கராத்தே சம்மேளனம் 2014இலிருந்து பாரா கராத்தே உலகப் போட்டி நடத்துகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் பார்வையில்லாதவர்களும் கட்டா செய்து தோற்கிறார்கள், ஜெயிக்கிறார்கள். மாஸ்டர்கள் அந்தக் காணொளிகளைப் பார்க்க வேண்டும். எதை மாற்றலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது பிடிபடும்.

கௌரவ பெல்ட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் வரை ஒன்றுமில்லை. டாக்டர் பட்டம் கௌரவமாக வாங்கியவர்கள் ஊசி போடாத வரை நமக்கு என்ன? சிக்கல், அவர்கள் கிளாஸ் தொடங்கும்போது. நான் அறிந்த ஒருவர், விழா மேடையில் வாங்கிய கௌரவ சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டி, ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில் பயிற்சி ஆரம்பித்தார். மேட் இல்லை, சிமெண்ட் தரை. விழச் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகளைத் தள்ளிவிட வைத்தார். ஒரு சிறுமி கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. சான்றிதழில் ‘கௌரவ’ என்ற சொல் இருந்தது உண்மைதான், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். எனவே இப்படிச் சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும் என்கிற அமைப்புகளுக்கு நான் சொல்வது இதுதான்: ‘கௌரவ’ என்பதைப் பெயருக்கு இணையான எழுத்தில் அடியுங்கள். டான் எண் போடாதீர்கள். பதிவேட்டு எண்ணும் வேண்டாம். ‘பயிற்சி அளிக்கவும் தேர்வு நடத்தவும் இது தகுதி ஆகாது’ என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரியைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறவர் எதற்காகக் கேட்டார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, “எத்தனை வருடத்தில் பிளாக் பெல்ட் வரும்?” அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “உங்கள் கிளாஸில் கடைசியாக ஃபெயில் ஆனது யார்?” யாருமே ஃபெயில் ஆனதில்லை என்று ஒரு மாஸ்டர் பெருமையாகச் சொன்னால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். ஃபெயில் ஆனால் மறுதேர்வுக்குத் திரும்பவும் கட்டணமா என்றும் கேளுங்கள். நான் வாங்குவதில்லை. வாங்க ஆரம்பித்தால், யாரை ஃபெயில் ஆக்குவது என்பதில் என் கணக்குப் புத்தகமும் தலையிடும். பிளாக் பெல்ட்டுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறாரா என்பதும் முக்கியம். என் மாணவியை நானே பரிசோதித்தால் அவள் பிடிவாதமும் உழைப்பும் என் கண்ணை மறைக்கும். கண் மூடுவதை நானும் கவனிக்காமல்தானே இருந்தேன்.

எட்டு வயதில் பிளாக் பெல்ட் என்று படம் போடுகிற கிளாஸ்களைப் பற்றியும் கேட்கிறார்கள். சிறுவர்களுக்குத் தனித் தரம் வைப்பதுதான் முறை. குக்கிவோன் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டான் கொடுப்பதில்லை. ‘பூம்’ என்று தனியாக வைத்து, சிவப்பும் கருப்புமான பெல்ட் கட்டுகிறது. அதே வயதுப் பிள்ளைகளை ஓடு உடைக்க வைக்கிற இடமென்றால், சாதனைச் சான்றிதழ் தருகிறேன் என்றாலும் அனுப்பாதீர்கள். வளர்கிற எலும்பு அது.

மாஸ்டரின் பெயருக்கு முன்னால் கிராண்ட் மாஸ்டர், ஷிஹான் (மூத்த மாஸ்டருக்கான ஜப்பானியப் பட்டம்), டாக்டர் மூன்றும் வரிசையாக நின்றால் ஃபிளெக்ஸை விட்டுவிட்டு கிளாஸைப் பாருங்கள். ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்தால் போதும். அவர் உங்கள் பிள்ளையின் காலைத் தொட்டுத் திருத்துகிறாரா, விசில் ஊதிக்கொண்டு போனைப் பார்க்கிறாரா? அவருடைய மாஸ்டர் யார் என்று கேட்டால் சங்கடமில்லாமல் பதில் வருகிறதா?

கடைசியாக, பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோருக்கு. கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்காக அவசரமாக ஒரு பிளாக் பெல்ட் வேண்டும் என்று ஒவ்வொரு மே மாதமும் யாராவது வந்து நிற்கிறார்கள். அங்கே கேட்பது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் கலந்துகொண்ட, பதக்கம் வாங்கிய சான்றிதழ்களை. பெல்ட் சான்றிதழை எந்த டானில் கொண்டுபோனாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பத்தாம் வகுப்பிலேயே வந்து, எந்தப் போட்டிக்கு எந்த அங்கீகாரம் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்குத் தனியாக ஒரு தேதி உண்டு. எங்கள் கிளாஸில் அடுத்த தேர்வு கார்த்திகையில்.